இருபத்திநாலு டியூப்கள்

செப்டம்பர் 4, திங்கள்

இருபத்திநாலு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போதும்.

இன்று காலை மனிதவளத் துறையிலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. வேலை தேடுகிறவர்கள் பார்க்கும் ஏதோ ஓர் இணையதளத்தில் எங்கள் கம்பெனிக்கு ஐந்துக்கு இரண்டே முக்கால் நட்சத்திரம்தான் இருக்கிறதாம். ஆகவே ஊழியர்கள் அனைவரும் அங்கே போய், இந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பதன் நன்மைகள், குறைகள் என்று இரண்டு பெட்டிகளிலும் மனம் திறந்து எழுத வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை. மாதக் கடைசிக்குள் எழுதிவிட்டு, எழுதிவிட்டதாக மனிதவளத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது பெயர் போடாமல் எழுதிவிட்டு, எழுதியது நான்தான் என்று போய்ச் சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் யோசிப்பதற்கென்றே மும்பையில் ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் வேதியியலில் எம்.எஸ்சி., அதற்கு மேல் எம்.பி.ஏ. எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதும் ஆள் இல்லை. தினமும் தோன்றுவதை இந்த நோட்டில் குறித்து வைத்து, கடைசியில் தொகுத்துப் போடுவதாகத் திட்டம். நோட்டும் கம்பெனி கொடுத்ததுதான். அட்டையில் சோப்பு நுரை.

குறைகள் கைவசம் நிறைய இருக்கின்றன. நன்மைகளை நாளைக்கு யோசிக்கலாம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

நன்மைகளை யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 6, புதன்

முதல் குறை: பரிதி.

நானும் இளம்பரிதியும் 1999இல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். திருச்சியில் ஒரே அறையில் தங்கி, ஒரே பக்கெட்டில் துணி ஊறவைத்து, ஒரே பைக்கில் போய்க் கடை கடையாக ஏறி சோப்பு விற்றோம். இன்று அவன் சென்னையில் தென்மண்டல மேலாளர். நான் திருநெல்வேலி மாவட்டத்துக்கு விற்பனை மேலாளர். மீட்டிங்கில் என்னை 'மிஸ்டர் செல்வின்' என்பான், போனில் 'டேய்' என்பான். 2009இல் மேலே போயிருக்க வேண்டியது நான். குறுக்கே புகுந்து தட்டிக்கொண்டு போனான். பதினாலு வருடம் ஆகிறது. அதையெல்லாம் நான் மறந்தாயிற்று.

இன்று போனில் இரண்டு செய்தி சொன்னான். மும்பையிலிருந்து டைரக்டர் கேல்கர் வருகிறார், பதினாலாம் தேதி எங்கள் ஊர்க் கடைகளையும் மறுநாள் தூத்துக்குடிக் கடைகளையும் பார்க்கிறார். அடுத்த செய்தி: அக்டோபர் முதல் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஒரே ஏரியா. மேலாளர் இரண்டு பேர் இருக்கிறோம், நாற்காலி ஒன்று. கேல்கர் பார்த்துவிட்டுப் போன பிறகு முடிவு.

இன்னொருவன் என்ன ஆவான் என்று கேட்டேன்.

"பேசி, பூச்செண்டு குடுத்து அனுப்பிருவாங்க. நாப்பத்தெட்டு வயசுல நம்மள வேற எவன்டா கூப்புடுவான்? ஒழுங்கா பண்ணு" என்றான்.

'நம்மள' என்கிறான். அவனுக்கென்ன.

செப்டம்பர் 7, வியாழன்

ஜெசிந்தாவிடம் சொன்னேன். என் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், எதையும் விடையோடு சேர்த்துத்தான் பேசுவாள். "நீங்கதான தெனமும் இந்தக் கம்பெனி வெளங்காதுன்னு சொல்லுவிய. விட்டுட்டு வந்துருங்க" என்றாள்.

அது வேறு, இது வேறு. விளங்காது என்று சொல்வதற்காவது உள்ளே இருக்க வேண்டும் இல்லையா?

2009இல் மட்டும் எனக்குக் கிடைத்திருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது என்றேன். அந்தப் பதவி உயர்வுக்குக் கவுகாத்திக்குப் போகச் சொன்னபோது குளிர் ஒத்துக்காது, மீன் குழம்பு கிடைக்காது என்று சொன்னது நீங்கள்தானே என்கிறாள். ஜெசிந்தாவுக்கு ஞாபகமறதி ஆரம்பித்திருக்கிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

பிளாக்ஸாவைப் பற்றி எழுதாமல் குறைகள் முழுமை பெறாது.

பிளாக்ஸா என்பது கேல்கர் பெற்றெடுத்த கரிப் பற்பசை. டியூப் கறுப்பு, மூடி கறுப்பு, உள்ளே இருக்கும் பசையும் கறுப்பு. விளம்பரத்தில் வரும் பெண்ணின் பல் மட்டும் வெள்ளை. மும்பையில் சக்கைப்போடு போடுகிறதாம். இங்கே நாலு மாதத்தில் மாவட்டம் முழுக்க ஜனங்கள் கடைகளில் வாங்கியது பதினொன்று. அதில் இரண்டை வாங்கியது நான்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் லிங்கத்துரை அண்ணாச்சி, அறிமுகம் செய்த அன்றைக்கே டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கரியில பல்லு தேய்க்காதிய, அது நாகரிகம் இல்லன்னு வேன் கட்டிட்டு வந்து சொன்னது ஒங்க ஆளுவதான். சனம் இப்பதான் விட்டுச்சு. இப்ப அதே கரிய டியூப்ல அடச்சுக் கொண்டாந்து நிக்கிய. ஒங்களுக்கே ஒரு மாதிரியா இல்லையா சார்?"

ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு டஜன் எடுத்துக்கொண்டார். எனக்காகத்தான். இருபது வருடமாக, போகும்போதெல்லாம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு கலர் சோடா உடைத்துக் கொடுக்கிற மனிதர். இது நன்மைகளில் வருமா? கம்பெனி கொடுத்ததில்லை. ஆனால் கம்பெனி இல்லாவிட்டால் எனக்கு இவரைத் தெரிந்திருக்காது. பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 11, திங்கள்

ரூட் போட்டு முடித்தேன்.

வெளியாட்களுக்கு இது தெரியாது. பெரிய அதிகாரி கடைகளைப் பார்க்க வருகிறார் என்றால், எந்தக் கடைகளைப் பார்ப்பார் என்பதை நாங்கள் முடிவு செய்வோம். மூன்று நாள் முன்பே அந்தக் கடைகளின் தட்டுகளைத் துடைத்து, எங்கள் சரக்கைக் கண்ணுக்கு நேரே அடுக்கி, போட்டிக் கம்பெனிச் சரக்கை உளுந்து மூட்டைக்குப் பின்னால் அனுப்பிவிடுவோம். கடைக்காரருக்கு இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுப்போம். அதிகாரி வந்து, நாடு முன்னேறிவிட்டது என்று மகிழ்ந்து, விமானம் ஏறுவார். அவரும் தன் காலத்தில் இப்படி ரூட் போட்டு மேலே வந்தவர்தான். மேலே போனதும் எப்படியோ எல்லோருக்கும் இது மறந்துபோகிறது.

இந்த முறை சிக்கல் பிளாக்ஸா. விற்காததை எல்லாம் போன மாதமே மதுரைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கையில் இருப்பது நாற்பத்தெட்டு டியூப். ஒன்பது கடை. ஆளுக்கு ஐந்து என்று வைத்தால் பிச்சை போட்ட மாதிரி இருக்கும்.

ஆகவே இருபத்திநாலாக இரண்டு செட். கேல்கர் முதல் கடையில் இருக்கும்போது இரண்டாவது கடையில் ஒரு செட் தயாராக நிற்கும். அவர் கார் கிளம்பியதும் எங்கள் சேல்ஸ்மேன் இசக்கி, முதல் கடை செட்டை டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு பின் தெரு வழியாக மூன்றாவது கடைக்குப் போய்விடுவார். இப்படியே ஒன்பது கடையும். நேரம் போதாவிட்டால் நடுவில் கேல்கருக்கு இளநீர்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்ததே பரிதியும் நானும்தான், 2001இல், திருச்சி பாலக்கரையில். அப்போது பைக்கில் சரக்கோடு பறந்தது அவன்.

செப்டம்பர் 14, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

கேல்கர் நல்ல மனிதர். வெயிலில் சிவந்துபோய், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். கூடவே பரிதி, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி வெள்ளைச் சட்டை. முதல் கடை லிங்கத்துரை அண்ணாச்சி கடை. அண்ணாச்சி இரண்டு வாக்கியத்தையும் சுத்தமாகச் சொன்னார். கேல்கர் இருபத்திநாலு டியூபும் வரிசை பிசகாமல் நிற்பதைப் பார்த்துப் பூரித்துப் போனார். படம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது கடையும் அதே மாதிரி. மூன்றாவது கடையில் இறங்கும்போது சட்டைப் பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடி இல்லை.

முதல் கடையில் வைத்துவிட்டாராம். நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம், எல்லோரும் போகலாம் என்றார். அந்தக் கடைக்காரரை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. இளநீர் என்று ஆரம்பித்தேன், காதிலேயே விழவில்லை.

திரும்பிப் போனபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். கண்ணாடி கல்லாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. பிளாக்ஸா வைத்திருந்த தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலி. கேல்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்ததே அதைத்தான்.

நான் பரிதியைப் பார்த்தேன். பரிதி கூரையைப் பார்த்தான்.

அண்ணாச்சி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "வித்துட்டு சார். காலேஜ் பிள்ளைய வந்துச்சு, மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டு" என்றார்.

அதைக் கேல்கருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாயால் நான்தான் சொன்னேன். கேல்கர் இரண்டு நொடி அப்படியே நின்றார். பிறகு கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அண்ணாச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 15, வெள்ளி

தூத்துக்குடி மேலாளர் சுடலைமணி ரூட்டே போடவில்லையாம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், சரியான அப்பாவி. கேல்கரை நேராகத் தூசி படிந்த தட்டுகளுக்கு முன்னால் கொண்டு நிறுத்தி, யாரும் வாங்கவில்லை சார், வாஷ்பேசின் கறுத்துப்போகிறது என்று பெண்கள் திட்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். காரில் ஏறும்போது கேல்கர், திருநெல்வேலிக்குப் போய்க் கற்றுக்கொள் என்றாராம்.

சிரித்தேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

கேல்கரிடமிருந்து இந்தியா முழுவதற்கும் மெயில். தலைப்பு: 'பாளையங்கோட்டை நமக்குச் சொல்வது'. படத்தில் அண்ணாச்சி, கேல்கர், காலித் தட்டு. ஓரத்தில் என் பாதி முகம். இருபத்தைந்து நிமிடத்தில் இருபத்திநாலு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு மாவட்டத்துக்கு எத்தனை என்று யாரோ ஓர் இளைஞன் வரைபடம் போட்டிருக்கிறான். அதன்படி தீபாவளிக்குள் திருநெல்வேலியில் பச்சைக் குழந்தைகள் உட்பட எல்லோரும் பிளாக்ஸாவில்தான் பல் தேய்ப்பார்கள்.

லக்னோவிலிருந்து ஒருவர் வாழ்த்துச் சொன்னார். இருபத்திநாலு வருடத்தில் லக்னோவிலிருந்து எனக்கு வந்த முதல் போன். நன்றாகத்தான் இருந்தது. எழுதி வைப்போம்.

செப்டம்பர் 21, வியாழன்

பரிதி கூப்பிட்டான். நாற்காலி எனக்குத்தான். எழுத்தில் அடுத்த வாரம் வரும். சுடலைமணிக்குப் பூச்செண்டு. கூடவே, முதல் தவணையாக ஆயிரத்து எண்ணூறு பெட்டி பிளாக்ஸா மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டதாம்.

இசக்கி எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நன்றாக இருக்கிறார், வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்கிறார் என்றேன். மாற்றிக் கொடு என்று வைத்துவிட்டான்.

2016இல் ஜெசிந்தாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது கம்பெனி இன்சூரன்ஸ் முழுதாகப் பார்த்துக்கொண்டது. மருத்துவமனை வாசலில் என்னோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தது பரிதி. இது ஏன் இன்று ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. நன்மைகளில் போட்டுவைக்கிறேன், இன்சூரன்ஸை மட்டும்.

செப்டம்பர் 23, சனி

காலையில் வாசலில் சுடலைமணி நிற்கிறான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். வாழ்த்துச் சொல்ல வந்தானாம்.

உட்கார்ந்து காபி குடித்தான். இரண்டு பெண் குழந்தைகள், சின்னது இந்த வருடம்தான் எல்.கே.ஜி. ஒரு பெயின்ட் கம்பெனியில் கேட்டிருக்கிறானாம், ஒன்றும் உறுதியில்லை. என்மேல் அவனுக்கு வருத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவன் சிரித்தபோது பார்த்தேன், பல் இடுக்குகளில் சன்னமாகக் கறுப்புக் கோடு.

"ரெண்டு மாசமா நானும் இதுலதான் சார் தேய்க்கேன். நாமளே தேய்க்காம அடுத்தவங்ககிட்ட எப்படிக் கொடுக்கன்னுதான். அப்பவும் என் கையால ஒண்ணு போகல. நீங்க எப்படி சார் வித்திய? போறதுக்கு முன்னால அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிடணும்."

சாக்குச் சொல்ல வழி தோன்றாமல், அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் என்றவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி இரண்டு கலர் உடைத்தார். சுடலைமணி ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் காலேஜ், எந்த வயசு, ஆணா பெண்ணா என்று கேட்டான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பழைய காலண்டரைப் பார்த்தேன். அது ஒரு நேரம் தம்பி, அப்படி அமைஞ்சுது என்று மட்டும் சொன்னார். அதையும் அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவன் பைக்கை எடுக்கப் போனதும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "அந்த ஐயாகிட்ட வாயில வந்ததச் சொல்லிட்டேன் சார், அவரு நாளைக்கு மறந்துருவாரு. இந்தத் தம்பிகிட்ட எனக்கு வாய் வரல. இனிமே இதுக்குன்னு யாரையும் கூட்டிட்டு வராதிய."

செப்டம்பர் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். நீளமான பிரசங்கம். எதைப் பற்றி என்று தெரியாது. மக்ரூன் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 25, திங்கள்

காலை ஒன்பதே முக்காலுக்கு கேல்கருக்கு மெயில் அனுப்பினேன். பரிதிக்கு ஒரு நகல். நாலே வரி. அந்த இருபத்திநாலு டியூபும் விற்கவில்லை, மூன்றாவது கடைக்குப் போயின. அனுப்பியது நான், கடைக்காரருக்கும் சேல்ஸ்மேனுக்கும் இதில் பங்கில்லை. ஆயிரத்து எண்ணூறு பெட்டி வருகிற லாரியைத் திருப்பிவிடுவது நல்லது. தூத்துக்குடியில் நீங்கள் பார்த்ததுதான் உண்மையான கடை. கீழே என் முழுப்பெயர், பட்டங்களோடு.

பெரிய மனது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த லாரி வந்து இறங்கினால் சரக்கை வைக்கக் கிடங்கில் இடம் இல்லை. மேலும், ஒவ்வொரு மாதமும் அந்தக் கறுப்புக் கோடு விழுந்த பல் என் கண் முன்னால் வந்து நிற்கும். அதோடு டார்கெட் வேறு. முடியாது.

செப்டம்பர் 26, செவ்வாய்

பரிதி போன்.

"அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடா?"

"கேட்டா அனுப்பாதன்னு சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்தான்." கொஞ்சம் இருமினான். "நீ எப்பவும் இப்படித்தான். 2009லயும் யாரை மேல அனுப்பலாம்னு மும்பையில கேட்டப்ப உன் பேரதான் முதல்ல சொன்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, கவுகாத்தி வேணாம்னு நேரா மும்பைக்கே மெயில் போட்ட. அப்புறம்தான் என்னைப் புடிச்சுப் போட்டாங்க. ரெண்டு வருசம் கவுகாத்தியில குளிர்ல செத்தேன்."

அந்த மெயிலில் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். பழைய மெயில்களில் தேடிப் பார்க்கலாம். தேடவில்லை.

அந்தக் காலித் தட்டைப் பார்த்தபோதே உனக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். பாலக்கரையில் வண்டி ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா என்றான். தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்கவில்லை. பதில் தெரிந்துதான் இருந்தது.

செப்டம்பர் 29, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ஒருங்கிணைந்த ஏரியாவுக்கு சுடலைமணி. எனக்கு அக்டோபர் கடைசியோடு விடுவிப்பு. கேல்கர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: லாரி கயத்தாறில் திரும்பிவிட்டது, நன்றி, வருத்தத்துடன். நல்ல மனிதர் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

சுடலைமணி போன் செய்து, சார், சார் என்று நாலு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஜெசிந்தா செய்தியைக் கேட்டுவிட்டு, சரி, இனிமே ஞாயித்துக்கிழமை கம்பெனி போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போக மாட்டிய என்றாள். பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வராமல் இருந்தாள். மீன் குழம்பு வைத்திருந்தாள். காரம் கொஞ்சம் தூக்கல். இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, சனி

கடைசி நாள். மனிதவளத் துறை இரண்டு நினைவூட்டல் அனுப்பிவிட்டது. உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

குறைகள் பெட்டியில் ஆறு வரி வந்தது. மாதக் கடைசி வாரத்தில் நீங்கள் மனிதராக இருக்க முடியாது. மேலே இருப்பவர் எதைப் பார்க்க விரும்புகிறாரோ அதைத்தான் கீழே இருப்பவர்கள் காட்டுவார்கள், காட்டிக் காட்டி அதுவே வேலையாகிவிடும். உண்மையைச் சொல்பவனுக்குத் தூத்துக்குடியில் என்ன மரியாதை கிடைத்தது என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். இப்படி.

நன்மைகள் பெட்டி நிறைந்து, இதற்கு மேல் எழுத்து ஏற்காது என்று சிவப்பில் காட்டியது. இரண்டு முறை குறைக்க வேண்டியதாயிற்று. கல்லிடைக்குறிச்சி முதல் பாளையங்கோட்டை வரை எந்தத் தெருவில் இறங்கினாலும் எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. யார் வீட்டுக் குளியலறைக்குள் போனாலும் நான் விற்ற சோப்பு ஒன்று இருக்கும். நோய் வந்தால் கம்பெனி கைவிடாது. ஒரே அறையில் தங்கிய ஒருவன் பதினாலு வருடம் நீங்கள் முறைத்துக்கொண்டு திரிந்தாலும் டேய் என்று கூப்பிடுவான். கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜெசிந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டியையும் விடைத்தாள் திருத்துவது போல் படித்தாள். "இவ்வளவும் எழுதிட்டு பேரு போடலியா?" என்றாள்.

பெயர் போட்டால், நாற்காலி போன ஆத்திரத்தில் எழுதியது என்று குறைகளை ஒதுக்குவார்கள். போகிற நேரத்தில் காக்காய் பிடிக்கிறான் என்று நன்மைகளையும் ஒதுக்குவார்கள். பெயர் இல்லாவிட்டால் இரண்டையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

பெயர் இல்லாமலே போடுகிறேன்.